ஞாயிற்று மழையைத் திங்களில் எழுதிய புத்தகம்

என் தங்கை தனுஜா கஹவத்தை டவுனில் நஸ்லின் என்பவரின் போன் திருத்தும் கடையில் வேலை செய்கிறாள். பகல் முழுக்க உடைந்த திரைகளை மாற்றிவிட்டு, மாலை பஸ்ஸில் நின்றுகொண்டே வருவாள். நான் ஒன்பதாம் வகுப்போடு நின்றவன்; தேயிலைத் தோட்ட ஆபீசில் எடுபிடி. வேலை நாள்களில் காலை ஏழு மணிக்கு மழைமானியில் சேர்ந்த தண்ணீரை அளந்து புத்தகத்தில் எழுதுவதும் என் வேலை. பதினோரு வருடத்தில் ஒரு எண்ணைக்கூட அடித்து எழுதியதில்லை.

தொழிலாளர் வீடுகள் வரிசையாக ஒட்டி நிற்கும் எங்கள் லயத்துக்குப் பின்னால் செங்குத்தான சரிவு. அரநாயக்கவில் மண் சரிந்து ஊர்களே புதைந்த பிறகு அதிகாரிகள் வந்து, இதுவும் ஆபத்தான இடம் என்று சொல்லிவிட்டுப் போனார்கள். வேறு வீடு இன்னும் வரவில்லை. மழை ஓர் அளவுக்கு மேல் போனால் கீழே பாடசாலைக்கு இறங்கிவிட வேண்டும், அவ்வளவுதான் ஏற்பாடு. ஆனால் அளவு கூடியதை யார் சொல்வது? ஆபீஸ் கணக்கு மறுநாள் காலையில்தான் தெரியும்.

அதற்காகத்தான் தனுஜா அந்தக் கருவியைச் செய்தாள். மழைநீர் நிறைந்ததும் கவிழும் சின்னக் கிண்ணம். எத்தனை தடவை கவிழ்ந்தது என்று எண்ணும் சர்க்கிட். எண்ணிக்கை கூடினால் ஊதும் சைரன். நிமிடத்துக்கு ஒரு தடவை அளவைப் போனுக்கும் அனுப்பும். எண்ணும் வேலைக்குப் பல நாட்டுக்காரர் சேர்ந்து எழுதிய லைப்ரரி ஒன்றை எடுத்துக்கொண்டாள். இயந்திரத்தோடு நேராகப் பேசும் நிரல்களின் தொகுப்பு அது. யாரும் காசில்லாமல் எடுக்கலாம், பிழை கண்டால் திருத்தியும் அனுப்பலாம் என்றாள்.

கருவி காட்டியது என் புத்தகத்தைவிடக் குறைவாக இருந்தது. குறைவாக எண்ணினால் சைரன் பிந்தும். அவள் பல வாரம் அந்த நிரலை வரிவரியாக வாசித்து இடத்தைப் பிடித்தாள். செய்தி அனுப்பும் சில விநாடிகளில் லைப்ரரி எண்ணுவதை நிறுத்திவைக்கிறது. அந்த நேரத்தில் கிண்ணம் இரண்டு தடவை கவிழ்ந்தால் ஒன்றைத்தான் நினைவில் வைத்திருக்கிறது. திருத்தம் எழுதி, என் புத்தகத்தின் இரண்டு மாதக் கணக்கையும் சாட்சியாகச் சேர்த்து அனுப்பினாள்.

லைப்ரரியைப் பார்த்துக்கொள்ளும் போலந்துக்காரர் ஒருவர் அதை ஏற்கவில்லை. வித்தியாசம் பெரும்பாலும் திங்கட்கிழமைகளில் வருகிறது, லேசான மழைக்கும் வருகிறது, உங்கள் அளவுதான் பிழை என்று எழுதியிருந்தார். அதை எங்களுக்கு வாசித்துக் காட்டிவிட்டுச் சோற்றைத் தொடாமல் உட்கார்ந்திருந்தாள்.

"திங்கக்கெழம மட்டும் அதுக்கு என்ன கேடு வருதாம்?" என்று அம்மா கேட்டார்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது.

"ஞாயித்துக்கெழம ஆபீஸ் பூட்டுதானே தங்கச்சி. அந்த மழையும் திங்கள்லதான் சேந்து இருக்கும்."

எனக்கு முன்னால் இந்த வேலையில் இருந்தவரும் அப்படித்தான் எழுதினார். ஆபீசில் எல்லாருக்கும் தெரியும். அவளிடம் சொல்லத் தோன்றவே இல்லை.

"இத ஏன் அண்ணே இவ்வளவு நாளா சொல்லல்ல?"

"நீ கேக்கல்லியே."

சிரித்தாள். கோபப்படக்கூட அவளுக்குத் தெம்பில்லை.

திங்கட்கிழமைகளை எடுத்துவிட்டால், குறைவு தெரிந்தது கனத்த மழை பெய்த மூன்றே நாளில்தான். அது போதாது. அடுத்த ஞாயிறு வாசலில் தண்ணீர்க் கேன் ஒன்றைக் கட்டித் தொங்கவிட்டு, குழாயைத் திறந்து கிண்ணத்தில் ஊற்றினோம். ஒவ்வொரு கவிழ்வுக்கும் நான் கொப்பியில் ஒரு கோடு போட்டேன். அடுத்த வீட்டுக் காத்தமுத்து மாமா நின்று பார்த்தார்.

"வானத்துக்கு முடியலன்னு நீங்களே ஊத்துறீங்களா?"

நான் நிமிரவில்லை. நிமிர்ந்தால் ஒரு கோடு தவறிவிடும். ஒரு மணி நேரத்தில் என் கோடுகள் 640, கருவி எண்ணியது 597. திருத்தத்தைப் போட்டுத் திரும்பவும் ஊற்றினோம். என்னுடையது 652, கருவியும் 652.

நாள்களைத் தவறாகச் சேர்த்ததற்கு மன்னிப்புக் கேட்டு, இந்தக் கணக்கை அனுப்பினாள். போலந்துக்காரர் மூன்று தடவை திருத்தத்தை மாற்றச் சொன்னார். ஒவ்வொரு தடவையும் வேலை முடிந்து வந்து, முகம் கழுவிவிட்டு உட்கார்ந்தாள். ஐந்து வாரத்துக்குப் பிறகு அவளுடைய பதினான்கு வரிகள் லைப்ரரியில் சேர்ந்தன. பங்களித்தவர்கள் பட்டியலின் கடைசியில் தனுஜா என்று இருந்தது. நான் மூன்று தடவை வாசித்தேன். அவள் அதற்குள் தூங்கிப்போயிருந்தாள்.

மே மாதம் ஒரு பிற்பகலில் சைரன் ஊதியது. எல்லாரும் நனைந்துகொண்டே பாடசாலைக்கு இறங்கினோம். மண் சரியவில்லை. மழை விட்ட பிறகு அவரவர் ஈரத் துணியோடு ஏறி வந்தோம். பஸ்ஸிலிருந்து இறங்கிய தனுஜாவைக் காத்தமுத்து மாமா வழியிலேயே பிடித்துக்கொண்டார்.

"ஒண்ணுமே சரியலியே மகளே. சும்மா நனைஞ்சதுதான் மிச்சம்."

"சரியாட்டி நல்லதுதானே மாமா."

"சரி, சரி. ஆனா அடுத்த தடவ ஊதினா நான் எழும்ப மாட்டேன்."

அவள் வீட்டுக்கு வந்து, இனி யாரும் இறங்காவிட்டால் சரியாக எண்ணி என்ன பயன் என்று மட்டும் கேட்டாள்.

வியாழக்கிழமை மறுபடியும் ஊதியது. நான் ஒவ்வொரு கதவாகத் தட்டினேன். காத்தமுத்து மாமா திட்டிக்கொண்டே பாயைச் சுருட்டி அக்குளில் வைத்து இறங்கினார். பாடசாலையில் ஆட்களை எண்ணிவிட்டுக் கடையில் இருந்த தனுஜாவுக்குப் போன் எடுத்தேன்.

"எத்தன பேரு வந்தாங்க?"

"எல்லாரும்."

"மாமா?"

"அவரும்தான்."

"சரி அண்ணே, வெக்கிறேன், ஆள் நிக்கிறாங்க" என்றாள்.