இடுப்பிலிருந்து எடுத்த இரும்பு

மோட்டாரை ரிப்பேருக்குக் கொடுத்தால், கழற்றிப்போட்ட பழைய பேரிங்கையும் கேட்டு வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு வருவது எங்கள் வீட்டு வழக்கம். மெக்கானிக் இதைத் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டார். கோயமுத்தூரில் பாதிப் பேர் அப்படித்தான். காசு கொடுத்து வாங்கிய சாமான் எதனால் போனது என்று ஒரு தரம் திருப்பிப் பார்த்தால்தான் மனசு ஆறும். அந்தப் புத்தியை நான் ஆஸ்பத்திரியிலும் காட்டினேன்.

தொண்ணூறுகளில் மொபெட்டிலிருந்து விழுந்து என் இடுப்பு மூட்டு நொறுங்கியது. உலோகத்தில் செய்த மூட்டு வைத்தார்கள். தரையில் உட்காரக் கூடாது, குத்தவைக்கக் கூடாது என்று டாக்டர் படித்துப் படித்துச் சொல்லி அனுப்பினார். ஒன்றரை வருடம் நன்றாகத்தான் நடந்தேன். ஒருநாள் சோமனூரில் பஸ்ஸுக்காக நின்றவள், பஸ் வந்ததும் ஓரடி எடுத்து வைத்தேன். உள்ளே மளுக்கென்றது. அங்கேயே சாய்ந்துவிட்டேன்.

என் வீட்டுக்காரர் பவுண்டரியில் உலோகத்தை அச்சில் வார்க்கும் மோல்டர் வேலை பார்த்தவர். ஆஸ்பத்திரிக்கு ஓடி வந்து அவர் கேட்ட முதல் கேள்வி, தரையில் உட்கார்ந்தாயா என்பதுதான். இல்லவே இல்லை என்று சாதித்தேன். அது பொய். ஒரே ஒரு தரம், என் சித்தி இறந்த வீட்டில் உட்கார்ந்தேன். பெண்கள் எல்லோரும் தரையில் உட்கார்ந்து அழும்போது நான் மட்டும் மகாராணி மாதிரி நாற்காலியில் இருக்க மனம் வரவில்லை. அவர் தலையாட்டிவிட்டு மருந்துச் சீட்டை எடுத்துக்கொண்டு போனார்.

மறு ஆபரேஷனுக்கு முன்னால் டாக்டரிடம், "எடுக்கறத எனக்கே குடுத்துப்போடுங்க" என்றேன். பக்கத்திலிருந்த நர்ஸ் சிரித்தாள். டாக்டர் சிரிக்கவில்லை. கழுவித் துடைத்து, இரண்டு துண்டையும் ஒரு டப்பாவில் போட்டுக் கொடுத்தார்.

வீட்டுக்காரர் அதை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து வெகுநேரம் பார்த்தார். உடைந்த பரப்பில் ஒரு ஓரம் மங்கலாகவும் மீதி பளபளவென்றும் இருந்தது. மங்கலானது பல நாளாக வளர்ந்த விரிசல், பளபளப்பு கடைசியாக உடைந்த இடம் என்று எனக்குக் காட்டினார். விரிசல் தொடங்கிய இடத்தில் கடுகளவு குழி. உலோகத்தை உருக்கி ஊற்றும்போது காற்று அடைபட்டால் வரும் குழி அது. அவர் தினம் பார்த்துக் கழித்துப்போடும் சமாசாரம்.

"உம்மேல தப்பில்ல, அம்மணி" என்றார்.

எனக்கு அழுகை வந்துவிட்டது. பொய் சொன்னவளுக்கு இந்த ஆறுதல் தகுமா என்றுதான் இருந்தது.

மூட்டை விற்ற கம்பெனிக்கு எழுதினோம். நோயாளி அறிவுரையை மீறித் தரையில் அமர்ந்ததே காரணம் என்று பதில் வந்தது. என்னையும் பார்க்காமல், இரும்பையும் பார்க்காமல் எழுதிய பதில். எனக்குச் சுருக்கென்று கோபம் ஏறியது. வக்கீல் மூன்று வழி சொன்னார். கொடுப்பதை வாங்கிக்கொண்டு சமாதானமாகப் போகலாம். சிவில் கோர்ட்டுக்குப் போகலாம், நம் ஆயுசுக்குள் முடிந்தால் அதிர்ஷ்டம். நுகர்வோர் மன்றத்துக்குப் போகலாம், செலவும் கம்மி, நாளும் கம்மி. இதற்குள் சமாதானம் பேசக் கம்பெனி ஆளே வீட்டுக்கு வந்தார். உடைந்த மூட்டைத் திருப்பிக் கொடுத்துக் கையெழுத்தும் போட்டால் ஆபரேஷன் செலவைத் தருவார்களாம். காபி கொடுத்து, இரும்பு எங்களிடமே இருக்கட்டுமுங்க என்று வழியனுப்பி வைத்தேன்.

நுகர்வோர் மன்றத்திலேயே வழக்குப் போட்டோம். அங்கே கம்பெனி வக்கீல் என்னைக் கேட்டது ஒரே கேள்வி. தரையில் உட்கார்ந்ததுண்டா? பின் பெஞ்சில் வீட்டுக்காரர் இருந்தார். இல்லைங்க என்று ஒரு வார்த்தை சொன்னால் தீர்ந்தது. ஆனால் நான் பொய் சொல்லி ஜெயித்தால், அந்த இரும்பு சொல்லும் நிஜத்துக்கு என்ன மரியாதை?

"ஒருக்கா உக்காந்தேனுங்க. எழவு ஊட்டுல."

அந்த வக்கீலின் முகம் மலர்ந்தது, எங்கள் வக்கீலின் முகம் தொங்கிப்போனது. அடுத்து வீட்டுக்காரரைக் கூப்பிட்டார்கள். நீங்கள் என்ன டாக்டரா என்று கம்பெனி வக்கீல் நக்கலாகக் கேட்டார்.

"இல்லைங்க. எனக்கு ஆப்பரேசன் தெரியாதுங்க, வார்ப்புத் தெரியுமுங்க. உள்ள குழி இருந்தா, நாக்காலீலயே உக்காந்திருந்தாலும் ஒருநா உடையுமுங்க."

மன்றத் தலைவர் அந்தத் துண்டுகளைச் சோதனைக்கு அனுப்பச் சொன்னார். பெரிய மெஷின்களை வைத்துப் பார்த்து எழுதிய அறிக்கை, ஜன்னலோரம் நின்று என் வீட்டுக்காரர் சொன்னதையேதான் சொன்னது. தயாரிப்பில் குறை, மனுதாரர்மேல் தவறில்லை என்று தீர்ப்பு வந்தது. அந்த வரியை வக்கீலை இரண்டு தரம் படிக்கச் சொல்லிக் கேட்டேன். அதே கம்பெனி மூட்டு உடைந்த ஒருவர் கோபிசெட்டிபாளையத்திலிருந்து வந்து தீர்ப்பின் நகலை வாங்கிப்போனபோது, நெஞ்சை நிமிர்த்திக்கொண்டுதான் கொடுத்தேன்.

ஆனால் எனக்குப் பெரிய பெருமை தீர்ப்பன்று வந்ததல்ல. சாட்சி சொல்லிவிட்டுத் திரும்பிய அன்று, பஸ் சூலூர் தாண்டியபோது வந்தது. உங்களிடம் மறைத்தது தப்புத்தான் என்று நானே ஆரம்பித்தேன்.

"எழவு ஊட்டுல நீ உக்காந்தத நான் அன்னிக்கே வாசல்ல நின்னு பாத்துப்போட்டேன்" என்றார்.

"அப்பறம் எதுக்குங்க கேட்டீங்க?"

"நீயாச் சொல்லுவீன்னுதான். இன்னிக்குச் சொல்லீட்டே."

அப்படியானால் அந்த ஜன்னலோரத்தில், என்மேல் தப்பில்லை என்று அவர் சொன்னது, எல்லாம் தெரிந்துதான் சொன்னது.