அறுந்தால்தான் நல்ல கயிறு

வீரம்மா கண்ட்ராக்டர் ஜெயபாலனுக்கு அறுநூறு வெள்ளி கடன்பட்டிருந்தாள். எழுபத்தாறாம் வருஷத்து அறுநூறு வெள்ளி. மலேசியாவில் சுங்காய் ஊருக்கு உள்ளே இருந்த அந்த ரப்பர் தோட்டத்தில் அவ்வளவு காசை மொத்தமாகக் கண்ணால் பார்த்த ஆள் தொழிலாளர் குடியிருந்த லயத்தில் ஒருவர்கூடக் கிடையாது.

குடித்தோ கூத்தடித்தோ வந்த கடன் இல்லை. மூத்த மகள் நவமணியின் தலைக்காக வந்த கடன்.

நவமணிக்கு அப்போது பதினேழு வயது. பால் ஸ்டோரில் வேலை. உறைந்த ரப்பர் பாலை இரண்டு இரும்பு உருளைகளுக்கு நடுவே கொடுத்தால் மறுபக்கம் தகடாக வரும். அந்த மிசின் வேலையை ஜெயபாலன் குத்தகைக்கு எடுத்து நடத்தினான். ஸ்டோரில் பெண்கள் தலையில் துணியை இறுகக் கட்டிக்கொண்டுதான் நிற்பார்கள். மாரியம்மன் திருவிழா அன்று மட்டும் அது நடக்காது. வேலை முடிந்து நேராகக் கோயிலுக்குப் போக வேண்டும் என்று விடியற்காலையிலேயே சடை பின்னி, புது ரிப்பன் கட்டி, மேலே துணியைப் பேருக்குச் சுற்றிக்கொண்டு வருவார்கள். வருஷா வருஷம் அப்படித்தான். ஒருவருக்கும் ஒன்றும் ஆனதில்லை.

அந்த வருஷம் நவமணியின் ரிப்பன் நைலான். மஞ்சள் நிறம், முழ நீளத்துக்குத் தொங்கியது. அவள் குனிந்தபோது துணி நழுவியது. ரிப்பன் நுனியை உருளை கவ்வியது. பருத்தி நாடாவாக இருந்திருந்தால் அறுந்திருக்கும். நைலான் அறுமா? ரிப்பன் சடையை இழுத்தது, சடை தலையை இழுத்தது. பக்கத்தில் நின்ற காளியம்மா ஓடிப்போய் மிசினை நிறுத்தியபோது நவமணியின் தலைத்தோல் முடியோடு அந்தப் பக்கம் போயிருந்தது.

உயிர் தங்கியது. ஈப்போ பெரிய ஆஸ்பத்திரியில் மாதக்கணக்கில் கிடந்தாள். இடது தொடையிலிருந்து தோல் எடுத்துத் தலையில் ஒட்டினார்கள். முடி மட்டும் திரும்ப முளைக்கவில்லை. அவள் கண்ட்ராக்டர் ஆள், தோட்டத்து ஆள் இல்லை என்று தோட்டத்து ஆபீசில் கையை விரித்தார்கள். துணியை ஒழுங்காகக் கட்டாதது அவள் தப்பு என்று ஜெயபாலன் சொன்னான். ஆனாலும் கார் வாடகை, வீரம்மா ஈப்போவில் தங்கிய செலவு, வேலைக்குப் போகாத மாதங்களுக்கு அரிசி பருப்பு எல்லாம் அவன்தான் கொடுத்தான். நல்ல மனுஷன் என்று வீரம்மா அம்மனிடம் அவனுக்காக வேண்டிக்கொண்டாள். மகளை லயத்துக்குக் கூட்டிவந்த பிறகுதான் அவன் வந்து வாசலில் நின்று கணக்குச் சொன்னான்.

"வட்டி ஒண்ணும் வேணாம்லா அக்கா. சின்னவ மூணாம் பாரம் முடிக்கிற வரைக்கும் டைம் தாரேன். அதுக்குள்ள காசு வரலன்னா அவள ஸ்டோருக்கு அனுப்பு. சம்பளத்துல கழிச்சிக்கலாம்."

சின்னவள் மங்களம் அப்போதுதான் பெரிய பள்ளிக்கூடத்தில் முதலாம் பாரம் சேர்ந்திருந்தாள். மூணாம் பாரம் எழுபத்தெட்டாம் வருஷக் கடைசியில் முடியும். மகள் தலையைத் தின்ற அதே மிசினுக்கு இன்னொரு மகளையும் கேட்கிறான்.

ஆனால் அவள் யார் காலிலும் விழுகிற பொம்பளை இல்லை. பள்ளிக்கூடத்துப் பக்கம் மழைக்குக்கூட ஒதுங்காதவள்தான். இருந்தாலும் கணவன் செத்த மறுமாதமே அவன் நிரை மரங்களையும் சேர்த்துப் பால் வெட்டியவள். அவள் மரத்தில் போடுகிற வெட்டுக்கோட்டைத் தோட்டத்து மேனேஜர் துரையே நின்று பார்த்துவிட்டுத் தலையை ஆட்டிக்கொண்டு போவான். அப்படி வெட்டுகிற கை அந்த வட்டாரத்தில் இன்னொன்று இருந்ததாக யாரும் சொல்லிக் கேட்டதில்லை. அந்தக் கைக்கு அறுநூறு வெள்ளி எம்மாத்திரம் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

அந்தச் சம்பவத்துக்குப் பிறகு ஸ்டோர்ப் பெண்கள் நைலான் ரிப்பனைத் தொடவே பயந்தார்கள். வீரம்மாவுக்கு யோசனை அங்கேதான் பிறந்தது. முதலில் ஒட்டுப்பாலில் கை வைத்தாள். மரத்தின் வெட்டுக்கோட்டில் நாடா மாதிரி காய்ந்து ஒட்டியிருக்கும் பாலை உரித்து, மேலே சேலைக்கிழிசலைச் சுற்றி, முடிக்கயிறு என்று சுங்காயில் சம்பள நாள் சந்தையில் விற்றாள். நன்றாகத்தான் போனது, ஒரு நல்ல வெயில் அடிக்கிற வரைக்கும். வெயிலில் பால் இளகித் துணியைத் தாண்டி முடியில் அப்பிக்கொண்டது. மண்ணெண்ணெய்க்கும் அசையவில்லை. நல்லம்மாள் என்கிற பக்கத்துத் தோட்டத்துக்காரி பாதிச் சடையை வெட்டிவிட்டு வந்து லயமே கேட்க ஏசினாள். ஒட்டுப்பால் தோட்டத்துச் சொத்து, இனித் தொட்டால் போலீசு என்று தோட்டத்து ஆபீஸ் கணக்கர் கிராணியும் சேர்ந்துகொண்டார். வீரம்மா வாங்கிய காசை எல்லாம் திருப்பிக் கொடுத்தாள்.

அன்றைக்குத்தான் நவமணி ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகு முதன்முதலாகச் சிரித்தாள். "என்னைய மாதிரி ஊருக்கே மொட்டை போடப் பாக்குறியாம்மா?"



அடுத்து வாழை. லயத்துக்குப் பின்னால் தார் வெட்டிய மரங்கள் சும்மா அழுகிக் கிடந்தன. மட்டையை உரித்து, மழுங்கிய கத்தியால் சதைப்பற்றை வழித்து எறிந்து, நாரை நிழலில் காயவைத்தாள். தனி நார் சுருக்கென்று முடியைக் குத்தியது. மாவுச்சாக்கைப் பிரித்து எடுத்த பருத்தி நூலை அதோடு சேர்த்து முறுக்கியதும் மெத்தென்று வந்தது. முறுக்குகிற வேலையை நவமணி எடுத்துக்கொண்டாள். கதவைச் சாத்திக்கொண்டு, தோல் எடுக்காத வலது தொடையில் வைத்து நாள் முழுக்க முறுக்கினாள். முடி இல்லாத பிள்ளை ஊர்ப் பெண்களின் முடிக்குக் கயிறு திரித்தது.

நுனி தொங்கக்கூடாது, விரல் நீளத்துக்கு மேல் விடக்கூடாது என்பது வீரம்மாவின் சட்டம். இன்னொரு சட்டமும் இருந்தது. ஒவ்வொரு கட்டுக்கும் ஒரு கயிற்றை உருவிக் கதவு ஆணியில் மாட்டி வெடுக்கென்று இழுப்பாள். அறுந்தால்தான் அந்தக் கட்டு விற்பனைக்குப் போகும். அறாவிட்டால் முழுக் கட்டையும் பிரித்துத் திரும்ப முறுக்கச் சொல்வாள்.

கயிறு பத்துக் காசு. கொஞ்சம் கொஞ்சமாகத்தான் போனது. சீக்கிரம் அறுந்துபோகிறது என்று பலர் குறை சொன்னார்கள். எழுபத்தெட்டாம் வருஷக் கடைசியில் இருநூறு வெள்ளி சேர்ந்திருந்தது. அப்போது ஈப்போவில் சில்லறைச் சாமான் கடை வைத்திருந்த ராமையா ஆள் விட்டுக் கூப்பிட்டார். கயிறு அழகாக இருக்கிறது, ஈப்போ, தெலுக் இந்தான் கடைகளுக்கு எல்லாம் போடலாம், முன்பணமாக நானூறு வெள்ளி இப்போதே தருகிறேன் என்றார். இருநூறும் நானூறும் அறுநூறு என்று வீரம்மா மனசுக்குள் கூட்டிப் பார்த்தாள். பிறகுதான் மனுஷன் நிபந்தனையைச் சொன்னார். உள்ளே நைலான் தூண்டில் நரம்பு ஒன்று ஓட வேண்டும். வெளியே தெரியாது. ஆயுசுக்கும் அறாது.

"அறுந்து போவணும்ங்க மொதலாளி. அதுக்குத்தான் செய்யறது."

"அறுந்து போற சாமான எவன் வாங்குவான்? பைத்தியமாலா ஒனக்கு?"

கடையில் நின்றவர்கள் சிரித்தார்கள். பைத்தியக்கார ஆஸ்பத்திரி இருக்கிற தஞ்சோங் ரம்புத்தானுக்குப் பஸ் அங்கேதான் நிற்கும், ஏறிக்கோ என்று ஒருத்தன் கிண்டல் அடித்தான். வீரம்மா பையை எடுத்துக்கொண்டு வெளியே வந்தாள்.

வீட்டில் நவமணி அவள் சொன்னதை எல்லாம் கேட்டுவிட்டு முறுக்கிக்கொண்டிருந்த நாரைக் கீழே போட்டாள். "ஒன் பிடிவாதத்துக்குத் தங்கச்சிய வித்துட்ட."

வீரம்மா கீழே விழுந்த நாரை எடுத்துத் தட்டி வைத்தாள். யாரோ முகம் தெரியாத ஊர்ப் பெண்ணின் தலைக்காகத் தன் பெண்ணைக் கொடுத்துவிட்டோமா என்று அந்த மாதம் முழுக்க நெஞ்சு அரித்தது. ஆனாலும் திரும்ப ராமையா கடைப் படி ஏறவில்லை.

வருஷம் பிறந்தது. மங்களம் பள்ளிக்கூடத்து நீலப் பாவாடையை மடித்து வைத்துவிட்டு ஸ்டோருக்குப் போனாள். அக்காள் நின்ற அதே மிசின். விடியற்காலையில் வீரம்மாவே அவளுக்குச் சடை பின்னிக் கொண்டையாகச் சுருட்டி, ஆணியில் இழுத்துப் பார்த்த கட்டிலிருந்து ஒரு கயிற்றை எடுத்துக் கட்டி, அதற்கு மேல் துணியும் சுற்றி அனுப்புவாள். பிறகு மரம் வெட்டப் போவாள். கை வெட்டும், காது ஸ்டோர்ப் பக்கமே இருக்கும்.

மழைக்காலத்தில் ஒருநாள் காளியம்மா ஈரச் சேலையோடு நிரைக்குள் ஓடிவந்தாள். அவள் வாயைத் திறக்கும் முன்பே வீரம்மா வெட்டுக்கத்தியைப் போட்டுவிட்டு உட்கார்ந்துவிட்டாள். காளியம்மாவுக்கு மூச்சு வாங்கியது. "எந்திரி. புள்ளைக்கு ஒண்ணும் இல்ல. கயிறு அறுந்துருச்சி."

ஓயாத ஈரத்தில் துணி கழன்று, கொண்டை சரிந்து, கயிற்று நுனி உருளையில் மாட்டியிருக்கிறது. மாட்டிய வேகத்தில் பட்டென்று அறுந்து, கயிறு மட்டும் ரப்பர் தகட்டில் அப்பிக்கொண்டு மறுபக்கம் வந்திருக்கிறது. வீரம்மா போனபோது மங்களம் தலைவிரி கோலமாகச் சுவர் ஓரம் நின்றுகொண்டிருந்தாள். வீரம்மா மகளின் தலையை இரண்டு கையாலும் தடவித் தடவிப் பார்த்தாள். முடி முழுசாக இருந்தது.

அறுந்த கயிறு ஒட்டிய தகட்டை ஸ்டோர்ப் பெண்கள் எல்லாரும் வந்து பார்த்தார்கள். சேதி தோட்டம் தோட்டமாகப் போனது. ஏசிவிட்டுப் போன நல்லம்மாளே அவள் தோட்டத்து ஸ்டோருக்கு மொத்தமாக வந்து வாங்கினாள். "அறுந்து போவுதான்னு இழுத்துப் பாத்துட்டுக் குடு அக்கா" என்று கேட்டு வாங்கினார்கள். வலது தொடைத் தோல் உரிந்துபோக, நவமணி இடது தொடைக்கு மாறினாள். அங்கே பழைய தழும்பில் நார் உரசும்போது பல்லைக் கடித்துக்கொண்டாள். மங்களத்தின் சம்பளத்தில் கழித்தது போக மிச்சக் கடன் முந்நூறு வெள்ளியும், முன்பு சேர்த்த இருநூறோடு சேர்த்து, அடுத்த தீபாவளிக்கு முன்பே சேர்ந்தது.

சம்பள நாளில் வீரம்மா இரண்டு மகள்களையும் கூட்டிக்கொண்டு ஸ்டோர் வாசலுக்குப் போனாள். ஜெயபாலனுக்குச் சங்கடமாகிவிட்டது. வீட்டுக்கு வந்து வாங்கிக்கொள்கிறேன், இத்தனை பேருக்கு முன்னால் என்னத்துக்கு என்று மெல்லச் சொன்னான்.

"இங்கதான் தம்பி. இவதான் எண்ணுவா."

நவமணி லயத்தை விட்டு வெளியே வந்து மூன்று வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது. அவள் தலைத்துணியை அவிழ்த்து, அதன் முடிச்சிலிருந்து காசை எடுத்தாள். ஜெயபாலன் அவள் தலையைப் பார்க்காமல் தரையைப் பார்த்தான். உள்ளே மிசின் ஓடிக்கொண்டுதான் இருந்தது. மங்களம் நின்ற இடத்தில் இப்போது அதே லயத்து ஐயாவு வீட்டுப் பெண் நின்றாள்.

"கைய நீட்டுங்க மாமா" என்றாள் நவமணி.

அவன் நீட்டினான். அவள் பத்தும் ஐந்தும் ஒன்றுமாகக் கசங்கிய வெள்ளி நோட்டுகளை ஒவ்வொன்றாக வாய்விட்டு எண்ணி வைத்தாள். போதும் பிள்ளை, சில்லறை கிடக்கட்டும் என்று அவன் விரலை மடக்கப் பார்த்தான். வீரம்மா அவன் மணிக்கட்டைப் பிடித்து உள்ளங்கையைத் திரும்ப விரித்து வைத்தாள். கடைசிப் பத்துக் காசும் அதில் விழுகிற வரைக்கும் அவள் பிடியை விடவில்லை.