பாதி மனிதருக்குப் படத்திறப்பு

என் கணவருக்கு மேடைப் பேச்சு என்றால் உயிர். கேட்பதைச் சொல்லவில்லை, பேசுவதைச் சொல்கிறேன். மயிலாப்பூரில் ஒரு மொழி மன்றத்துக்கு அவர் செயலாளர். மாதா மாதம் கூட்டம் நடக்கும். பேச்சாளரை ஆட்டோவில் அழைத்து வருவார், சால்வை வாங்கி வருவார், ஆனால் இவர் வாயைத் திறப்பது "மைக் டெஸ்டிங்" என்று சொல்ல மட்டும்தான். நன்றியுரைக்குக்கூட வேறு ஆள் உண்டு. பேச்சு முழுவதும் எங்கள் வீட்டுக் குளியலறையில் நடக்கும். தண்ணீர் விழும் சத்தத்தைக் கைதட்டலாக நினைத்துக்கொள்வாரோ என்னவோ, தொட்டி காலியாவது மட்டும் எனக்குத் தெரியும்.

போன வருஷம் வழக்கமான பேச்சாளர் மகளின் பிரசவத்துக்காக அமெரிக்கா போய்விட்டார். மன்றத் தலைவர், ஓய்வு பெற்ற தாசில்தார், போன் செய்து, "இந்தத் தடவை நீங்களே பேசிடுங்களேன்" என்றார். போனை வைத்துவிட்டு இவர் மொட்டை மாடிக்குப் போனார். ஆளைக் காணோமே என்று ஏறிப் பார்த்தால், எழுபதை நெருங்கும் மனிதர் தண்ணீர்த் தொட்டி பக்கத்தில் நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

உலக நாடுகளில் தாய்மொழிக்காகப் போராடியவர்களைப் பற்றிய வரிசை அது. வங்காளம், அயர்லாந்து எல்லாம் ஏற்கனவே முடிந்திருந்தன. யாரும் தொடாத ஆள் வேண்டும் என்று போனில் துழாவி, பெல்ஜியத்திலிருந்து ஒருவரைப் பிடித்துவிட்டார். அந்த நாட்டின் வடக்கே இருப்பவர்கள் பிளெமிஷ் மக்கள், பேசுவது டச்சு. ஒரு காலத்தில் அங்கே கோர்ட்டு, கல்லூரி, பட்டாளம் எல்லாம் பிரெஞ்சில்தானாம். முதல் உலகப் போரில் அதிகாரிகள் பிரெஞ்சில் போட்ட கட்டளை புரியாமலே பிளெமிஷ் பையன்கள் செத்தார்கள் என்று அங்கே சொல்வார்களாம். நம் ஆள் வக்கீல். கோர்ட்டில் பிடிவாதமாகத் தாய்மொழியில் வாதாடினார், அதே மொழியில் பல்கலைக்கழகம் வேண்டும் என்று ஊர் ஊராகப் பேசினார், தேர்தலில் ஜெயித்துப் பாராளுமன்றத்துக்குப் போனார். அது வரை படித்துவிட்டு இவர் சோபாவில் உட்கார்ந்து அழுதார். "நம்மாளுடி இவரு" என்றார். ஒரு மணி நேரப் பேச்சுக்குச் சரக்கு கிடைத்துவிட்டதால் மேற்கொண்டு படிக்கவில்லை.

அடுத்து படம். எங்கள் மன்றத்தில் படத்திறப்பு இல்லாமல் கூட்டம் கிடையாது. தி.நகரில் பேனர் அடிக்கிற கடைக்குப் போனார். தெளிவான புகைப்படம் ஒன்றுதான் கிடைத்தது. அதில் ஆள் கழுத்து வரை பட்டன் போட்ட சீருடையில், இடுப்பில் தோல் பெல்ட்டோடு, புஜத்தில் ஏதோ சின்னம் போட்ட பட்டியோடு நின்றார். கம்ப்யூட்டரில் உட்கார்ந்திருந்தவர், "இன்னா சார், மிலிட்டரியா?" என்று கேட்டாராம்.

"இல்லப்பா, அரசியல்வாதி. அந்தக் காலத்துல அங்க அப்படித்தான் உடுத்துவாங்க."

"மூஞ்சி வேற ரொம்ப மொறப்பா கீது. கோட்டு போட்டுடறேன் சார். பாஸ்போர்ட்டு போட்டோக்கு வெச்சிக்கீற கோட்டு, சூப்பரா செட் ஆவும்."

தி.நகரில் விசாவுக்குப் படம் எடுத்துக்கொண்ட எல்லோரும் போட்டிருக்கும் அதே நீலக் கோட்டு அவருக்கும் ஏறியது. கண்ணுக்குக் கொஞ்சம் வெளிச்சம், உதட்டுக்கு லேசாகச் சிவப்பு. பார்க்க யாரோ கல்யாணத் தரகர் மாதிரி ஆகிவிட்டார்.

"கீழ தோற்றம், மறைவு போடணும் சார். இல்லாங்காட்டி பர்த்டே பேனர்னு நெனச்சிக்குவாங்க" என்று கடைக்காரர் சொல்ல, இவர் அங்கிருந்தே எனக்கு போன் அடித்தார். "அவரு செத்த வருஷத்தப் பாத்துச் சொல்லேன்." பிறந்த வருஷம் மட்டும்தான் அவரிடம் இருந்தது.

நான் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, இவர் பாதியில் விட்ட கட்டுரையைத் திறந்து கீழே இறங்கினேன். ஆள் சாகவே மாட்டேன் என்றார். இரண்டாம் உலகப் போர் வந்தது. ஹிட்லரின் படை வந்தது. வரவேற்றவர்களில் அந்த ஆள் முன்வரிசை. ஜெர்மன்காரர்கள் தயவில் ஒரு நகரத்துக்கே மேயரானார். அந்த நகரத்துப் போலீஸ் யூதர்களின் வீட்டுக் கதவைத் தட்டி, குடும்பம் குடும்பமாகப் பிடித்து ஜெர்மன்காரர்களிடம் ஒப்படைத்தது. மரண முகாம்களுக்கு ரயிலில் போனவர்களில் திரும்பி வந்தவர்கள் சொற்பம். ஊர்ப் பையன்களை ஜெர்மன் படைக்கு ஆள் சேர்த்து ரஷ்யப் பனிக்கு அனுப்பியதும் அந்த ஆளின் பேச்சுதான். போர் முடிந்து தண்டனை, சிறை, பிறகு விடுதலை. வயதாகி, தன் மேல் தப்பே இல்லை என்று சொல்லிக்கொண்டு, சொந்தக் கட்டிலில் செத்தார்.

"மறைவு கெடச்சுதா?" என்று மறுபடி போன்.

"கெடச்சுது. நீங்க மொதல்ல கடையை விட்டு வெளிய வாங்க."

வீட்டுக்கு வந்ததும் போனின் மொழிபெயர்ப்பு தப்பு என்றார். ஆங்கிலத்தில் படித்துக் காட்டினேன். எதிரிகள் எழுதியது என்றார். பிறகு அவரே போனை வாங்கி முழுவதும் படித்தார். அன்று அவர் தோசையைத் தொடவில்லை.

மறுநாள் தலைவர் வீட்டுக்குப் போனோம். மன்றத்தின் பொருளாளரும் அங்கே இருந்தார். தலைவர் காபி குடித்தபடியே எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "போருக்கு முன்னாடியே நிறுத்திடுங்க" என்றார்.

"அவரு நிறுத்தலையே சார்" என்றேன் நான்.

"நமக்கு மொழிதாம்மா சப்ஜெக்ட். மத்ததெல்லாம் அவர் பர்சனல்."

"ஜனங்கள ரயிலேத்தினது பர்சனலா?" நான் டம்ளரை வைத்த வேகத்தில் காபி மேஜையில் சிந்தியது. பொருளாளருக்கு வேறு யோசனை உதித்தது. போர் தொடங்குவதற்கு முந்தைய வருஷத்தையே மறைவு என்று போட்டுவிட்டால் என்ன? தலைவருக்குப் பிடித்துவிட்டது. எப்படிச் செத்தார் என்று யாராவது கேட்டால்? "காய்ச்சல்" என்றார் பொருளாளர். "குளிர் பிரதேசமாச்சே, நிமோனியான்னா பொருத்தமா இருக்கும்" என்றார் தலைவர். காய்ச்சலா நிமோனியாவா என்று இரண்டு பெரிய மனிதர்கள் கல்யாணத்துக்கு முகூர்த்தம் பார்ப்பது போல ஆலோசித்தார்கள். நான் என் கணவரைப் பார்த்தேன். அவர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"உங்களுக்கு இஷ்டமில்லேன்னா தள்ளி வெச்சுடலாம்" என்று தலைவர் அவரிடம் சொன்னார். "அடுத்த மாசம் வழக்கமா பேசறவர் வந்துடுவார்."

"இல்ல சார், பேசறேன்" என்றார் இவர். எனக்குக் கோபம் வந்தது. பாவமாகவும் இருந்தது. வாழ்நாளெல்லாம் ஏங்கிய மைக், கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. ஒரு வார்த்தை கூடுதலாகப் பேசினால் அது போய்விடும்.

கூட்டத்தன்று தலைவர் வரவேற்புரையிலேயே நிமோனியாவைச் சொல்லி, சபையை உச்சுக்கொட்ட வைத்தார். இவர் கஞ்சி போட்ட வெள்ளைச் சட்டையில் எழுந்தார். சொன்னால் நம்ப மாட்டீர்கள், அருமையாகப் பேசினார். கோர்ட்டுக் காட்சியில் பெரியவர் ஒருவர் விசிலே அடித்துவிட்டார். கோபத்தை மறந்து எனக்கே புல்லரித்தது. பேச்சு பல்கலைக்கழகம் வரை வந்ததும், போருக்கு முன்பே முடிக்கச் சொல்லித் தலைவர் சிரித்துக்கொண்டே மணியடித்தார். இவர் தண்ணீர் குடித்தார்.

"இன்னும் முடியலைங்க" என்றார்.

அதே ஏற்ற இறக்கத்தோடு, "அந்நிய மொழிக்கு அடங்காதவர், அந்நியப் படைக்கு வழிவிட்டார்!" என்றார். கைதட்டினார்கள். "அவருடைய நகரத்துப் போலீஸே யூதர்களைப் பிடித்துக் கொடுத்தது!" அதற்கும் கைதட்டல். குரல் உயர்ந்தால் தட்டிப் பழகிய கைகள். இவர் திகைத்து நின்றார். பிறகு வீட்டில் பேசுகிற குரலுக்கு இறங்கினார்.

"கைதட்டாதீங்க, ப்ளீஸ். நான் சொல்ற விதம் தப்பு. நிமோனியாவும் பொய். அவரு ரொம்ப நாள் நல்லா வாழ்ந்தாரு. கட்டளை புரியாமச் செத்தாங்கன்னு சொன்னேன் இல்லையா? யூதர் வீட்டுக் கதவத் தட்டின போலீசுக்காரங்க டச்சுலதான் பேசியிருப்பாங்க. எறங்கி வாங்கன்னு சொன்னது எல்லாருக்கும் புரிஞ்சிருக்கும். சின்னப் புள்ளைங்களுக்குக்கூட."

தலைவர் எழுந்து, "சிந்திக்க வைத்த உரை" என்றார். அழைப்பிதழில் போட்டாகிவிட்டதால் படத்தையும் திறந்துவைத்தார். நீலக் கோட்டும் சிவந்த உதடுமாக அந்த ஆள் சிரித்தார். பூத்தட்டு வந்தது. இவ்வளவையும் கேட்ட ஜனங்கள் வரிசையாக வந்து பூப்போட்டுக் கும்பிட்டார்கள். தட்டு வந்தால் போடுவதுதானே வழக்கம்! ஒரு அம்மாள் என்னிடம், "பாவம், சின்ன வயசுலயே நிமோனியால போயிட்டாராமே" என்றார். தட்டு இவரிடம் வந்தபோது வாங்காமல் கையைக் கட்டிக்கொண்டார். தலைவர் சால்வையைப் போர்த்தி, "அடுத்த மாசத்துலேருந்து பழையபடி மைக், சால்வை ஏற்பாட்டப் பாத்துக்குங்க" என்றார்.

ஆட்டோ லஸ் முனையைத் தாண்டும்போது இவர் சொன்னார், "மொதல் பாதியப் படிச்சிட்டு அழுதேன் இல்ல, அது நெஜமான அழுகடி. அந்த ஊர்ல பொறந்திருந்தா நானும் அவரு கட்சிலதான் இருந்திருப்பேன். ஜெர்மன்காரன் வந்ததும் கட்சிய விட்டு வெளிய வந்திருப்பேனா?"

எதற்கும் உடனே பதில் சொல்லிவிடுகிறவள் நான். வந்திருப்பீங்க என்று சொல்ல வாயெடுத்தேன். தலைவர் வீட்டில் அவர்கள் வியாதி தேர்ந்தெடுத்தபோது அவர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தது கண்ணுக்குள் வந்தது. சற்று முன் மேடையில் குரல் இறங்கிப் பேசியதும் வந்தது.

"தெரியலைங்க" என்றேன்.

"எனக்கும் தெரியல" என்றார்.