நான்கு பெடலும் ஒரு காலும்

என் அக்கா வீட்டுக்காரருக்கு இரண்டு வேலை. ஒன்று, டவுன் பஸ் டிரைவர். இன்னொன்று, ஓய்வு நாட்களில் எங்கள் பேண்டில் எலெக்ட்ரிக் கிடார். இரண்டிலும் பாடுபடுவது அவருடைய வலது கால்தான். பஸ்ஸில் அது ஆக்சிலரேட்டருக்கும் பிரேக்குக்கும் நடுவே ஓடிக்கொண்டிருக்கும். கிடார் தோளில் ஏறினால் வா-வா பெடலுக்குப் போய்விடும். டிப்போவில் அவருக்கு 'வெண்ணெய்' என்று பெயர். அவர் பிரேக் பிடித்தால் நின்றுகொண்டு வருகிறவர்கள் கம்பியைத் தேட வேண்டியதில்லை, அவ்வளவு வழுவழுப்பு. விவரம் தெரியாதவர்கள் யாரோ அவரைத் திட்டுகிறார்கள் என்று நினைத்துக்கொள்வார்கள். அக்காவும் கோபம் வந்தால் அதே பெயரைச் சொல்வாள். அப்போது அது திட்டுதான்.

வா-வா பெடலைப் பார்க்காதவர்களுக்காகச் சொல்லிவிடுகிறேன். செருப்பு அளவுக்கு ஒரு இரும்புப் பலகை. கிடாரிலிருந்து வரும் வயர் இதற்குள் போய்த்தான் ஆம்ப்ளிஃபயருக்குப் போகும். குதிகால் பக்கம் அழுத்தினால் சத்தம் மூக்கடைத்தவன் குரல்போல மங்கிவிடும். விரல் பக்கம் அழுத்தினால் பளிச்சென்று திறக்கும். இரண்டுக்கும் நடுவே காலை ஆட்டினால், கிடார் வாயைத் திறந்து மூடிப் பேசும். விரல் பக்கத்தைக் கடைசிவரை அமுக்கினால் அடியில் உள்ள சுவிட்ச் டக்கென்று போட்டுக்கொள்ளும், மறுபடி அமுக்கினால் அணையும். சமாச்சாரம் அவ்வளவுதான். ஆனால் கணுக்கால் துளி அசைந்தாலும் காது கண்டுபிடித்துவிடும், அங்கே யாரும் ஏமாற்ற முடியாது.

அத்தானின் கால் அதில் பேசிய பேச்சு இருக்கிறதே, அதைக் கேட்டுத்தான் நான் பேஸ் கிடாரையே கையில் எடுத்தேன். அப்படிப்பட்டவர் கொஞ்ச காலமாக ஒத்திகையில் சொதப்பினார். திறக்க வேண்டிய இடத்தில் சத்தம் மூடும். பாட்டின் நடுவில் சுவிட்ச் அணைந்துவிடும், அவருக்குத் தெரியவே தெரியாது. "பெடல் போயிடுச்சு" என்றார். பழையதைத் தூக்கிப் போட்டார். சனிக்கிழமை ஒரு கம்பெனி ஆண்டு விழாவில் எங்களுக்கு மேடை இருந்தது. அதனால் புதிது வாங்க அவர், அக்கா, நான் மூவருமாக வாத்தியக் கடைக்குப் போனோம். அன்று காலை டூட்டி முடித்துவிட்டு டிரைவர் ஷூவோடு நேராக வந்திருந்தார்.

கடையின் பின்பக்கம் ஒரு சின்ன அறை. சுவரெல்லாம் பஞ்சு அடைத்த துணி, தரையில் வயர்கள், மூலையில் ஆம்ப்ளிஃபயர். கடைக்காரர் நல்ல மனிதர், ஆனால் வாய் மூடாதவர். முதல் பெடலை வைத்தார்.

அத்தான் நாலு வரி வாசித்தார். சத்தம் தள்ளாடியது.

"இது ரொம்ப டைட்டா இருக்கு."

"ஸ்க்ரூ இருக்கு சார், லூஸ் பண்ணிடலாம்" என்று கடைக்காரர் திருகினார். லூஸான பிறகு, "இப்ப கொழகொழன்னு இருக்கு" என்றார் அத்தான்.

இரண்டாவது பெடலில் சுவிட்ச் போடவே முடியவில்லை. அமுக்கினேன் என்றார், அமுக்கவில்லை, பலகை பாதியிலேயே நின்றிருந்தது. மூன்றாவதில் சுவிட்ச் கிடையாது. கால் வைத்தால் தானாகப் போடும், எடுத்தால் ஸ்பிரிங் தள்ளித் திரும்பி அணையும். "ஆக்சிலரேட்டர் மாதிரியே சார், உங்களுக்குன்னே செஞ்சது" என்று கடைக்காரர் சிரித்தார். அத்தான் வாசித்தார். பாட்டு முடிந்து, கையைக் கிடாரிலிருந்து எடுத்துவிட்டு எங்களைப் பார்த்தார். ஆம்ப்ளிஃபயர் இன்னும் இரைந்துகொண்டிருந்தது. அவர் கால் பெடல்மேல் அப்படியே இருந்தது.

"காலை எடுங்க அத்தான்."

"எடுத்துட்டேனே."

குனிந்து பார்த்துவிட்டுத்தான் எடுத்தார்.

நான் லிஃப்ட் ரிப்பேர் பார்ப்பவன். எங்கள் வேலையில் குறை கண்டுபிடிக்க ஒரே வழி, ஒவ்வொரு சாமானாக மாற்றிப் பார்ப்பது. பெடலை மாற்றியாயிற்று, வயரை மாற்றியாயிற்று, ஆம்ப்ளிஃபயர் கடைக்காரருடையது. எல்லாம் மாறியும் குறை மாறவில்லை. மாற்றாதது ஒன்றுதான் பாக்கி, அது ஷூவுக்குள் இருந்தது. போன வாரம் பிரேக் லேட்டாகப் பிடிக்கிறதென்று டிப்போ மெக்கானிக்கோடு இவர் சட்டையைப் பிடிக்காத குறையாகச் சண்டை போட்டதும் அப்போதுதான் ஞாபகத்துக்கு வந்தது. மெக்கானிக் அந்த பஸ்ஸை வேறு ஆட்களை விட்டு ஓட்டிக் காட்டியிருக்கிறார். பிரேக்கில் ஒரு குறையும் இல்லை.

அத்தானுக்குச் சர்க்கரை உண்டு. மாத்திரை ஞாபகம் வந்தால் போடுவார். நாளைக் காலையும் முதல் பஸ் அவருடையதுதான். பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகள் படிக்கட்டுவரை நிற்கிற பஸ் அது. அக்காவைப் பார்த்தேன். ஒரு காலி ஸ்பீக்கர் பெட்டிமேல் உட்கார்ந்து, இமைக்காமல் அவர் காலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

கடைக்காரர் நான்காவதைக் கொண்டுவந்தார். "இதுக்கு மேல என்கிட்ட இல்ல சார்."

"இந்த ஷூதான் கெடுக்குது. கழட்டிட்டு வாசிக்கிறேன், அப்பதான் பிடி கிடைக்கும்" என்றார் அத்தான்.

ஷூவைக் கழற்றினார். சாக்ஸின் முன்பக்கம் கறுப்பாகக் காய்ந்திருந்தது. முதலில் கிரீஸ் கறை என்று நினைத்தேன், ரத்தம். அக்கா எழுந்து வந்து சாக்ஸை உருவினாள். கட்டைவிரலுக்குக் கீழே சதையில் ஒரு துண்டுக் கம்பி குத்தி நின்றது. கிடார் கம்பி. முந்தின நாள் அவர் புதுக் கம்பி மாட்டி, நுனிகளைக் கட்டிங் பிளேயரால் வெட்டியிருந்தார். ஒன்று ஷூவுக்குள் விழுந்திருக்கிறது. அதை மிதித்துக்கொண்டுதான் காலை முழுக்க பஸ் ஓட்டியிருக்கிறார்.

"வலிக்கலையா?" என்றாள் அக்கா.

"எது?"

கடைக்காரர் ஐயையோ என்று சொல்லி, பஞ்சும் மருந்தும் எடுக்க முன்பக்கம் ஓடினார். அக்கா கம்பியைப் பிடுங்கினாள். அத்தான் ஆம்ப்ளிஃபயரின் பொத்தானைத் திருகிக்கொண்டிருந்தார்.

அக்கா பாலர் வகுப்பு டீச்சர். பிள்ளைகளிடம் பேசுகிற குரலிலேயே சொன்னாள்: "அந்தப் பக்கமே பாருங்க. நான் எந்த விரலைத் தொடுறேன், சொல்லுங்க."

"விளையாடுற நேரமா இது?"

"சொல்லுங்க."

அத்தான் சுவரைப் பார்த்தபடி காத்திருந்தார். பிறகு சலித்துக்கொண்டு, "மொதல்ல தொடு, அப்புறம்தானே சொல்ல முடியும்" என்றார்.

அக்கா அவருடைய சுண்டுவிரலை நகம் பதியக் கிள்ளிக்கொண்டிருந்தாள்.

அவர் திரும்பிப் பார்த்தார். அவள் கையையும் பார்த்தார். நான்தான் உளறிக் கொட்டினேன்.

"அத்தான், நாளைக்கு பஸ் எடுக்காதீங்க."

"நீ யாருடா சொல்றதுக்கு?" என்று பாய்ந்தார். "இத்தனை வருஷத்துல ஒரு கீறல் விழுந்திருக்கா? ஒரு சைக்கிள்காரன் வந்து என்னைக் கேட்டிருக்கானா? கால் கொஞ்சம் மரத்துப் போச்சு, அவ்வளவுதான். வெயில்ல உக்காந்து ஓட்டுனா எவனுக்கும் மரத்துப் போகும்."

"எவ்வளவு நாளா?" என்றாள் அக்கா.

அவர் ஆம்ப்ளிஃபயரின் பொத்தானை மறுபடி திருகினார்.

"எவ்வளவு நாளான்னு கேக்குறேன்ல."

"தெரியாது. குளிர் காலத்துல ஆரம்பிச்சுது. சொன்னா மெடிக்கல்ல நிறுத்திடுவாங்க. அப்புறம் நான் என்ன பண்றது? வீட்ல உக்காந்து உன் கிளாஸ் பசங்களுக்குப் பென்சில் சீவித் தரட்டுமா?"

அக்காவுக்குக் கண் நிறைந்துவிட்டது. "சீவித் தாங்களேன்" என்றாள்.

எனக்கு அவர்மேல் வந்த ஆத்திரம் கொஞ்சநஞ்சம் அல்ல. ஒரு பஸ் நிறைய ஜனத்தை ஏற்றிக்கொண்டு, கால் எங்கே இருக்கிறதென்றே தெரியாமல் இத்தனை மாதம் ஓட்டியிருக்கிறார். அதே நேரத்தில் அவரைக் கட்டிப் பிடித்துக்கொள்ள வேண்டும் போலவும் இருந்தது. இரண்டையும் செய்யாமல் வயரைச் சுருட்டிக்கொண்டு நின்றேன்.

கடைக்காரர் வந்து காலுக்குக் கட்டுப் போட்டார். பாவம், இடையில் நடந்தது எதுவும் அவருக்குத் தெரியாது. கட்டு முடிந்ததும் அத்தான் எழுந்து கிடாரை மாட்டினார். நான்காவது பெடலைக் கையால் நகர்த்தி இடது பக்கம் வைத்தார். இடது ஷூவையும் கழற்றினார். பஸ்ஸில் கிளச் மிதிக்கிற கால் அது. அதைப் பெடல்மேல் வைத்து வாசித்தார்.

முதல் வரியில் தடுமாறினார். இரண்டாவது வரியில் கிடார் வாயைத் திறந்தது. மங்கியது, திறந்தது, கேட்டது, கெஞ்சியது, எந்த இடத்தில் நிற்க வேண்டுமோ அந்த இடத்தில் நின்றது. சுவிட்ச் டக்கென்று விழுந்தது. மாதக் கணக்கில் நாங்கள் கேட்காத வாசிப்பு. அத்தான் முகத்தில் மட்டும் சந்தோஷம் இல்லை. வாசிக்க வாசிக்க அவர் முகம் வெளிறிக்கொண்டே போனது. பெடல்களில் ஒரு குறையும் இல்லை என்பதை அவர் காதே அவருக்குச் சொல்லிவிட்டது.

கடைக்காரர் கை தட்டினார். "பாத்தீங்களா, நான் சொன்னேன்ல! இதுதான் சார் உங்க பெடல். பேக் பண்ணிடட்டுமா?"

"பண்ணுங்க" என்றார் அத்தான். கிடாரைக் கழற்றிக் கொடுத்துவிட்டு அக்கா பக்கத்தில் பெட்டிமேல் உட்கார்ந்தார். போனை எடுத்து டிப்போவைக் கூப்பிட்டார். அந்தச் சின்ன அறையில் டூட்டி கிளார்க்கின் குரல் எங்களுக்கும் கேட்டது.

"நாளைக்கு நான் பஸ் எடுக்கல."

"என்ன சார், உடம்பு சரியில்லையா? ஒரு நாள் லீவு போட்டுடவா?"

"லீவு இல்லைங்க. கால்ல உணர்ச்சி இல்ல. காலைல நேர்ல வந்து மேனேஜர்கிட்ட சொல்றேன். இனிமே எனக்கு பஸ் போடாதீங்க."

கிளார்க் தயங்கித் தயங்கிக் கேட்டார்: "அப்ப நாளைக்கு முதல் பஸ்ஸ யாருக்கு சார் போடுறது? உங்க ரூட்டாச்சே, நீங்களே சொல்லிடுங்க."

அத்தான் கண்ணை மூடிக்கொண்டு யோசித்தார். அக்கா அவர் முழங்கையைப் பிடித்திருந்தாள்.

"புதுசா ஒரு அம்மா சேர்ந்திருக்காங்கல்ல, அவங்களுக்குப் போடுங்க" என்றார். "நான் ஒரு நாள் அவங்க பஸ்ல வந்தேன். பிரேக் பிடிக்கிறதே தெரியாது."