சாரதி இருக்கையில் கிடந்த மண்

அண்ணை ஓமானில் தண்ணீர் ஏற்றும் பவுசர் வண்டி ஓட்டினார். ஒருநாள் நல்ல பகலில், ஒரு பொட்டு மேகம் இல்லாத வெயிலில், காய்ந்து கிடந்த ஆற்றைக் கடக்கும்போது வெள்ளம் வந்து அவரை வண்டியோடு அடித்துக்கொண்டு போய்விட்டது. மழை பெய்தது எங்கேயோ கண்ணுக்குத் தெரியாத மலையில். மூன்றாம் நாள் வண்டி கிடைத்தது. அண்ணை கிடைக்கவில்லை.

அவரோடு வேலை செய்த ஒருவர் பிறகு கனடாவுக்கு, மொன்றியலுக்கு வந்தார். அண்ணியும் நானும் அங்கே லாசால் பகுதியில் ஒரே வீட்டில் இருந்தோம். எங்களைத் தேடி வந்தவர், கொடுத்த தேநீரைக் குடிக்காமல் கையில் வைத்துக்கொண்டே சொன்னார்.

“அந்த ஆறு தண்ணியா வராது அக்கா. மண்ணைப் பிடிச்சு வைக்க மலையில புல்லுப் பூண்டு ஒண்டுமில்லை. எல்லாம் கரைஞ்சு களியாத்தான் வரும். வண்டிக் கதவைத் திறந்தால் உள்ளுக்குக் கூரை வரைக்கும் மண். இறுகிப்போய், திறந்த பிறகும் கொட்டுப்படேல்லை. அப்பிடியே நிண்டது.”

பிறகு பையிலிருந்து ஒரு மண்கட்டியை எடுத்தார். சாரதி இருக்கையில் வெட்டியெடுத்ததாம். அடியில் மணல், மேலே வழுவழுப்பான களி. ஒரு பக்கத்தில் இருக்கை உறையின் தையல் பதிந்திருந்தது. அண்ணி அதை வாங்கிச் சாமித்தட்டில் வைத்தார்.

குளிர்காலம் வந்து ஹீற்றர் போட்டதும் அது காயத் தொடங்கியது. ‘டிக்’ என்று வெடிக்கும். மாப்போல ஒரு தூசு சோற்றுப்பானை மூடியில் படிந்திருக்கும், என் தலையணையிலும் இருக்கும். டோர்வல் விமான நிலையத்தில் நாள் முழுக்கத் துடைத்துவிட்டு வந்து வீட்டிலும் துடைக்க எனக்கென்ன தலையெழுத்தா?

“கோதாரி விழுந்த தூசு!” என்று கத்திவிட்டேன்.

“பேசாதை, பிள்ளை. அவர் அசையிறார்” என்றார் அண்ணி.

பட்டப்பகல்தான். சத்தியமாகப் பயந்தேன். அதைவிட அண்ணியை நினைத்துத்தான் பயந்தேன். வேலையை விட்டுவிட்டார். கடைக்குக்கூடப் போவதில்லை. கேட்டால், “அவர் வரேக்க கதவு பூட்டியிருந்தா?” என்பார். நாற்பத்திரண்டு வயதுதான். இப்படியே ஐந்து வருடம் போயிற்று. இன்னும் எத்தனை வருடம் இதைப் பார்த்துக்கொண்டிருப்பது?

நான்தான் ஐயரிடம் போனேன். முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக் கிரியை செய்து சாம்பலைத் தண்ணீரில் கரைத்தால் போன உயிர் போய்ச் சேரும் என்பது எங்கள் வழக்கம். எங்களிடம் சாம்பல் இல்லை. “அந்த மண்ணையே கரைப்பம்” என்றார் ஐயர். அண்ணியைச் சம்மதிக்க வைக்க எனக்கு ஒரு கோடைகாலம் முழுக்கப் பிடித்தது.

செப்டெம்பரில் ஒரு காலை, லாசால் கரையில் சென் லோரன்ஸ் ஆற்றோரம் நின்றோம். ஐயர் மந்திரம் சொல்ல, அண்ணி குனிந்து மண்கட்டியைக் கரையோரத் தண்ணீருக்குள் வைத்தார்.

சாம்பல் என்றால் சத்தமில்லாமல் போய்விடும். ஐந்து வருடம் காய்ந்த பாலைவனக் களி என்ன செய்யும் என்று எங்களில் ஒருவரும் யோசிக்கவில்லை. தண்ணீர் பட்டதும் ‘உஸ்ஸ்’ என்று அது இரைந்தது. தையல் பதிந்த பக்கத்திலிருந்து குமிழி குமிழியாக மேலே வந்தது. ஐயர் மந்திரத்தை நிறுத்திவிட்டார். உள்ளே அடைபட்ட காற்று வெளியேறுகிறது, அவ்வளவுதான். அது இன்றைக்குத் தெரியும். அன்றைக்கு எனக்கு மயிர்க்கூச்செறிந்தது.

“மூச்சு விடுறார்! ஐயோ, மூச்சு விடுறார்!”

அண்ணி சேலையோடு தண்ணீருக்குள் பாய்ந்து அதை வாரியெடுத்தார். எடுக்க எடுக்க அது பிளந்து, குழைந்து, விரல்களுக்கிடையால் வழிந்தது.

“பிள்ளை, பிடி! போறார், பிடி!”

நானும் இறங்கி அண்ணியின் கைகளுக்குக் கீழே என் கைகளை ஏந்தினேன். அவர் கையில் இருந்ததெல்லாம் போய்விட்டது. என் உள்ளங்கையில் மட்டும் ஒரு பிடி களி தங்கி நின்றது, குளிர்ந்து, கனமாக. அண்ணி அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

நான் விரல்களை விரித்தேன்.