பன்னிரண்டு நிமிஷம் பாக்கி

இது கதை இல்லை. போன மாதம் ஒரு வியாழக்கிழமை, பகல் இரண்டு இருபத்தெட்டுக்கு ஆரம்பித்து இரண்டு ஐம்பத்தெட்டுக்கு முடிந்தது. பேய் என்றால் நடுராத்திரியில், புளியமரத்தடியில், நாய் ஊளையிட வரும் என்று நினைப்பவர்கள் மன்னிக்க வேண்டும். எனக்கு வந்தது சைதாப்பேட்டையில், இரண்டாவது மாடியில், வெயில் மண்டையைப் பிளக்கும் மதியத்தில். நான் குடிப்பதில்லை. மாத்திரை எதுவும் சாப்பிடுவதில்லை. ஞாயிறு தவறாமல் கோயிலுக்குப் போகிறவன். நம்புவதும் நம்பாததும் உங்கள் இஷ்டம். பயத்தால்தான் இத்தனை நாள் சொல்லவில்லை என்று நினைக்காதீர்கள். வெட்கத்தால் சொல்லவில்லை.

என் பெயர் ஆரோக்கியராஜ். இப்போது அடையாறில் ஓர் அடுக்குமாடியில் இரவுக் காவல் மேற்பார்வையாளர். அதற்கு முன்னால் பதினைந்து வருஷம் ஒரு ரோந்துக் கப்பலில் இருந்தேன். எந்தக் கப்பல் என்று எழுதப்போவதில்லை. அதன் முன்தளத்தில் ஒரு நாற்பது மில்லிமீட்டர் பீரங்கி இருந்தது. ஒரு குண்டு கிட்டத்தட்ட முழங்கை நீளம். நான்கு நான்காகக் கோத்து மேலேயிருந்து இறக்குவோம். ஒவ்வொன்றும் வெடித்ததும் பித்தளைக் கூடு சூடாக வெளியே வந்து விழும். அந்தப் பீரங்கிக்கு நான்தான் பொறுப்பு. குண்டு இறக்குகிறவன் வேலு. நொச்சிக்குப்பத்துப் பையன், என்னைவிட இரண்டு வயது சின்னவன், என்னை ராஜு என்றுதான் கூப்பிடுவான்.

சில சமயம் குண்டு வெடிக்காது. உள்ளே ஊசி போய் அடிக்கும், 'டக்' என்று ஒரு சத்தம் கேட்கும், அவ்வளவுதான். ஆனால் அது செத்த குண்டு இல்லை. உள்ளே வெடிமருந்து கனன்றுகொண்டிருக்கலாம். அதனால் பீரங்கியின் வாயைக் கடலைப் பார்த்துத் திருப்பி வைத்துவிட்டு, ஆட்களை விலக்கிவிட்டு, முப்பது நிமிஷம் காத்திருக்க வேண்டும். அதற்குப் பிறகுதான் பின்பக்கக் கதவைத் திறக்கலாம். நடுவில் இன்னொரு முறை ஊசியை அடித்துப் பார்த்தால், கடிகாரத்தைப் பூஜ்யத்தில் வைத்து மறுபடி முதலிலிருந்து முப்பது எண்ண வேண்டும். இதைச் சேர்ந்த முதல் வாரத்திலேயே மண்டையில் ஏற்றிவிடுவார்கள்.

2003 பிப்ரவரியில் ஒரு நாள் பயிற்சிக்குப் போனோம். நான்கில் மூன்று குண்டு வெடித்தது. நான்காவது 'டக்'. மணி இரண்டு இருபத்தெட்டு. மற்றவர்களைக் கீழே அனுப்பிவிட்டு நானும் வேலுவும் மட்டும் இருந்தோம். நான் ஸ்டாப்வாட்ச் பிடித்தேன். அவன் தளத்தின் இரும்புக் கதவுக்குப் பின்னால் ஒதுங்கி நின்றான். அன்று மாலை ஆறு மணிக்கு மயிலாப்பூரில் எனக்கும் ஜாஸ்மினுக்கும் நிச்சயதார்த்தம். கப்பல் நான்கு மணிக்குத் துறைமுகம் சேர வேண்டும். எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. இரண்டு நாற்பதுக்கு, "இன்னொரு தடவை அடிச்சுப் பாரு" என்றேன். அவன் வந்து அடித்தான். மறுபடியும் 'டக்'.

"சைபர்ல போட்டியா ராஜு?" என்று இரும்புக் கதவுக்குப் பின்னால் போய் நின்றபடி கேட்டான்.

"போட்டேன்" என்றேன். நான் போடவில்லை.

இரண்டு ஐம்பத்தெட்டுக்கு, "ஆச்சு, திற" என்றேன். "அதுக்குள்ளயா?" என்றான். அவன் கையில் கடிகாரம் இல்லை. பிறகு சிரித்தான். "நீ சொன்னா சரி."

திறந்தான். குண்டு உள்ளிருந்து பின்பக்கமாக வெடித்தது. அதற்கு மேல் எழுத மாட்டேன்.

விசாரணையில் என்ன சொன்னேன் தெரியுமா? "நான் கடிகாரத்தைப் பூஜ்யத்தில் வைத்தேன். பதினெட்டு நிமிஷம்தான் ஆகியிருந்தது. வேண்டாம் என்று கத்தினேன். அவன் கேட்கவில்லை." அப்படியே எழுதிக்கொண்டார்கள். அன்றிலிருந்து குப்பத்தில் அவன் பெயர் அவசரக்கார வேலு. அவன் மனைவி செண்பகம் அப்போது ஆறு மாதம். பிறந்த பையனுக்கு பாரத் என்று பெயர் வைத்தாள். இரண்டு வருஷத்துக்கு முன்னால் அவனும் அதே வேலைக்குத் தேர்வாகிப் போனான், வேறொரு கப்பலுக்கு. வழியனுப்ப நானும் சென்ட்ரல் ஸ்டேஷனுக்குப் போயிருந்தேன். ரயில் கிளம்பும்போது ஜன்னலைப் பிடித்துக்கொண்டு செண்பகம் சொன்னாள், "உங்க நைனா மாரி அவசரப்படாத கண்ணு." பக்கத்தில் நான் மரம் மாதிரி நின்றேன்.

இனி அந்த வியாழக்கிழமை.

எங்கள் வேலையில் ஒரு வழக்கம் உண்டு. கப்பலை விட்டு மாற்றலாகிப் போகிறவனுக்கு, சுட்ட பித்தளைக் கூடு ஒன்றைத் தேய்த்துப் பளபளப்பாக்கிக் கையில் கொடுப்பார்கள். எனக்குக் கொடுத்தது அன்றைக்கு வெடித்த மூன்றில் ஒன்று. கொடுத்தவர்களுக்கு அது தெரியாது; அடியில் பொறித்த எண்ணைப் பார்த்து நான் கண்டுகொண்டேன். வேண்டாம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. விவரம் அறியாத ஜாஸ்மின் அதில் பிளாஸ்டிக் ரோஜாவைச் செருகி மாதா படத்துக்குக் கீழே வைத்திருக்கிறாள்.

அன்று ஜாஸ்மின் மகளோடு தி.நகருக்குத் துணி எடுக்கப் போயிருந்தாள். இரவு வேலை முடித்து வந்த நான் தூங்கிக்கொண்டிருந்தேன்.

'டக்.'

கண் விழித்தேன். சுவரில் மணி இரண்டு இருபத்தெட்டு. ஏதோ பாத்திரம் உருண்டிருக்கும் என்று எழுந்து கூடத்துக்கு வந்தேன். பித்தளைக் கூடு படுத்துக் கிடந்தது. ரோஜாக்கள் தரையில் கிடந்தன. கூட்டின் வாய் ஜன்னலைப் பார்த்து இருந்தது. கிழக்கு ஜன்னல். கடல் இருக்கும் திசை.

எடுத்து நிமிர்த்தி வைக்கப் போனேன். கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டேன். சுட்டது. வெயில் அந்த மூலைக்கு வருவதே இல்லை.

மேஜை மேல் என் போன் வெளிச்சமாக இருந்தது. ஸ்டாப்வாட்ச் ஓடிக்கொண்டிருந்தது. 01:52... 01:53... இருபத்தொரு வருஷமாக நான் ஸ்டாப்வாட்ச்சைத் தொட்டதில்லை. முட்டை வேகவைக்கக்கூடத் தொட்டதில்லை.

நிறுத்தும் பொத்தானை அழுத்தினேன். நிற்கவில்லை.

அப்போதுதான் இன்னொன்று உறைத்தது. எங்கள் வீட்டுக்குப் பின்னால்தான் ரயில் பாதை. ஐந்து நிமிஷத்துக்கு ஒரு வண்டி போகும், பேசுவது காதில் விழாது. அன்று ஒரு வண்டியும் போகவில்லை. காக்கைச் சத்தம்கூட இல்லை.

வெளியே போய்விடலாம் என்று வாசல் தாழ்ப்பாளில் கை வைத்தேன். அதுவும் சுட்டது. தோல் பொசுங்குகிற சூடு.

மணி இரண்டு நாற்பது.

'டக்.'

இந்த முறை சத்தம் குளியலறையிலிருந்து வந்தது. கதவு மூடியிருந்தது. நான் மூடவில்லை.

வெடிமருந்து வாசனை. எரிந்த மருந்து. அதை மோந்தவன் சாகும்வரை மறக்க மாட்டான்.

பிறகு குரல்...

"சைபர்ல போட்டியா ராஜு?"

தரையில் உட்கார்ந்தேன். போனில் 12:06... 12:07... பூஜ்யத்துக்குக் கொண்டுபோகும் பொத்தான் என் கட்டைவிரலுக்கு நேர் கீழே இருந்தது. அதைத் தொட்டால் இந்த முறை போன் பணியும் என்று எனக்கு ஏனோ தெரிந்தது. தொட்டிருக்கலாம்.

தொட்டால் இன்னும் முப்பது நிமிஷம். அந்தக் கதவுக்கு எதிரில். அந்த வாசனையோடு.

"போட்டேன்" என்றேன்.

நான் போடவில்லை.

காத்திருந்தேன். ஜெபம் பாதியில் மறந்தது. மறுபடி ஆரம்பித்தேன், மறுபடி மறந்தது. கதவுக்கு அந்தப் பக்கம் யாரோ கால் மாற்றி நின்றார்கள்... பூட்ஸ் சத்தம்.

20:00.

25:00.

கதவின் பிளாஸ்டிக் மெல்ல உப்பியது.

29:58...

29:59...

"ராஜு, எவ்ளோ ஆச்சு?"

பதினெட்டு. எனக்குத் தெரியும். பதினெட்டு என்று சொன்னால் போதும்.

"ஆ... ஆச்சு."

"அதுக்குள்ளயா?"

போனைத் தரையில் கவிழ்த்து வைத்தேன்.

"தொறக்கட்டா?"

முடிந்து தொலையட்டும். அது மட்டும்தான் எனக்கு வேண்டியிருந்தது.

"தொற."

சிரிப்புச் சத்தம். சின்னதாக. எனக்குத் தெரிந்த சிரிப்பு.

"நீ சொன்னா சரி."

தாழ்ப்பாள் விலகியது. கதவு நான்கு விரல் அளவு திறந்தது... நின்றது.

உள்ளே யாரும் இல்லை. காய்ந்த தரை. வாளி. ஜாஸ்மினின் சோப்பு. வெளியே ஒரு ரயில் தடதடவென்று போனது. மணி இரண்டு ஐம்பத்தெட்டு. கூட்டைத் தொட்டேன், சில்லென்று இருந்தது.

பயம் சீக்கிரம் போய்விட்டது, நம்புங்கள். சாயந்திரம் ஜாஸ்மின் வந்ததும் காபிகூடக் குடித்தேன். போகாதது வேறொன்று. இரண்டாவது முறையும் அதே வாய்ப்பு என் கைக்கு வந்தது. இரண்டாவது முறையும் அதே பொய்யைச் சொன்னேன். செத்தவனிடம்கூட என்னால் உண்மை பேச முடியவில்லை. சீ என்று இருந்தது.

சனிக்கிழமை காலை கிளம்பி நொச்சிக்குப்பம் மீன் மார்க்கெட்டுக்குப் போனேன். செண்பகத்திடம் எல்லாவற்றையும் சொல்லிவிடுவது என்று முடிவு. அவள் சங்கரா மீனுக்குச் செதில் உரசிக்கொண்டிருந்தாள்.

"வாண்ணே. இன்னா, மொகமே சரியில்ல?"

"ஒண்ணுமில்ல. பாரத் எப்படி இருக்கான்?" என்றேன். நேராக ஆரம்பிக்க தைரியம் இல்லை.

அவள் கத்தியைக் கீழே வைத்தாள். "ஏன் கேக்குற. என் புள்ள பொழச்சி வந்துகீறான். வியாழக்கெழம கடலுக்குள்ள சுடப் போனாங்களாம். அந்தப் பீரங்கி மக்கர் பண்ணிச்சாம். ரெண்டு வாட்டி அட்ச்சிப் பாத்தாங்களாம், வெடிக்கலியாம். டைம் பாத்துக்கினு இருந்தவரு, ஆயிடுச்சு, தொறன்னு சொல்ட்டாராம். இவன் கைய வெச்சிட்டானாம்."

"மணி எத்தனை?"

"ரெண்டு அம்பத்தெட்டாம். கைய வெச்சப்போ காதாண்ட யாரோ பேசுனாங்களாம். இவன் கைய எட்த்துட்டு, யாரு சொல்லியும் தொறக்க மாட்டேன்னு நின்னுட்டானாம். மூணு ஒம்போதுக்கு அதுவா வெடிச்சிச்சாம். குண்டு நேரா கடலுக்குள்ள பூட்ச்சாம்."

"பேசினது யாரு?"

"தெர்ல. பக்கத்துல யாருமே இல்லியாம்."

"என்ன சொன்னாங்களாம்?"

செண்பகம் என்னைப் பார்த்தாள்.

"'ராஜு சொன்னா தொறக்காத. இன்னும் பன்னண்டு நிமிஷம் கீது.' இதான் சொன்னாங்களாம். அந்தக் கப்பல்ல ராஜுன்னு யாருமே இல்லியாண்ணே." குரலைத் தாழ்த்தினாள். "அவரு உன்னத்தானே ராஜும்பாரு?"

சொன்னேன். மீன் வாங்க வந்தவர்கள் ஒதுங்கி நின்று கேட்கும்படி, நிச்சயதார்த்தத்தில் ஆரம்பித்து எல்லாவற்றையும் சொன்னேன். அவள் அழவில்லை, திட்டவில்லை. கையில் ஒட்டியிருந்த செதிலை ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டிருந்தாள்.

"அப்போ அவரு அவசரப்படல?"

"இல்ல. என்னைக் கேட்டுத்தான் திறந்தான்."

"நான் அந்தப் புள்ளயாண்ட இருவத்தோரு வருசமா இன்னா சொல்லி வளத்தேன் தெரியுமா?"

தெரியும். பக்கத்தில் நின்று கேட்டிருக்கிறேன்.

அவள் இடுப்பிலிருந்து போனை எடுத்தாள். எண்ணை அழுத்தி, ஈரக்கையோடு என்னிடம் நீட்டினாள். "நீயே சொல்லு அவனாண்ட."

மணி அடித்தது. எடுத்தான். "இன்னாம்மா?" என்றான். அவன் போனில் பேசி நான் கேட்டதே இல்லை. அப்படியே வேலுவின் குரல்.

"அம்மா இல்ல தம்பி. நான் ராஜு பேசறேன்."

எதிர்முனையில் கடல் மட்டும் கேட்டது. பிறகு அந்தக் குரல் மெதுவாகக் கேட்டது.

"எவ்ளோ ஆச்சு?"

அதை ஏன் கேட்டான் என்று அவனுக்கே தெரியாதாம். பிற்பாடு அவனே என்னிடம் சொன்னது இது.

"பதினெட்டு" என்றேன். "பதினெட்டு நிமிஷம்தான் ஆகியிருந்தது, தம்பி."