பலகையில் வலக்கை

மாமரப் பலகை அது. ஒன்றரை அடி நீளம். கருப்பு மை ஏறிக் காய்ந்து, குடைந்த பள்ளங்களில் மட்டும் மரத்தின் நிறம் தெரியும். நடுவில், வட்டக் கண்ணும் பல் தெரியத் திறந்த வாயுமாய் ஒரு முகம். தலைக்கு மேல் ஓங்கிய வலக்கை. கையில் அரிவாள். பீரோவில் வேட்டிகளுக்கு அடியில் வைத்திருக்கிறேன். துணி எடுக்கும்போதெல்லாம் விரல் போய் அந்தக் கைமேல் இடிக்கும். பத்து வருடமாகிறது, சிராய் இன்னும் குத்துகிறது.

செதுக்கியவர் என் அண்ணி. சரக்குக் கப்பலில் வேலை பார்த்த அண்ணன், கரீபியன் கடலில் டொமினிக்கன் நாட்டுத் துறைமுகமொன்றில் பழகிக் கல்யாணம் செய்து, பூதலூர்ப் பக்கத்து எங்கள் ஊருக்கு அழைத்து வந்தவர். "வெள்ளக்காரி வர்றான்னு வேலைய வுட்டுட்டு வந்தா, நம்ம கலருல்ல இருக்கா!" என்று நடவுப் பெண்கள் அலுத்துக்கொண்டார்கள். அவர்களிடம்தான் அண்ணி தமிழ் கற்றார். எல்லோருக்கும் 'ங்க' போடச் சொல்லிக் கொடுத்துவிட்டார்கள். செடியை மேய வரும் ஆட்டைக்கூட "போங்க, போங்க" என்றுதான் விரட்டுவார்.

மாடி அறையில் மரத்தைச் செதுக்கி, மை பூசி, தாளை விரித்து, சோற்றுக் கரண்டியின் முதுகால் அழுத்தித் தேய்த்துப் படம் எடுப்பார். தவளை, சூரியன், கத்தும் முகங்கள். அவர் தீவின் ஆதிகுடிகளான தாயினோக்கள் குகைப் பாறையில் கீறி வைத்த உருவங்களின் வழியில் வந்தவை. சில படங்களில் மணிக்கட்டோடு கைகள் தனியே கிடக்கும். "தங்கம் கொண்டு வரலன்னா கைய வெட்டுனாங்க, தம்பி. கப்பல்ல வந்தவங்க" என்றார் ஒருநாள், உளியை நிறுத்தாமல். மரத்தில் இடம் தாளில் வலமாகும். அதனால் தமிழ் எழுத்துகளை என்னிடம் திருப்பி எழுதி வாங்கிக்கொள்வார். படத்தையும் முதலில் மெல்லிய தாளில் வரைந்து, குப்புறப் போட்டு மரத்தில் படியெடுத்த பிறகே உளியைத் தொடுவார். ஒரே ஒருநாள்தான் அந்த ஒழுங்கு தவறியது.

தண்ணீர் குறைந்த வருடம். முறை வைத்துத்தான் விட்டார்கள். கூலிக்குப் போய்க்கொண்டிருந்த குடும்பத்தில் முதன்முதலாகக் குத்தகை பிடித்த கடைமடைக்காரன் ஒருவன், முறை வந்தும் வாய்க்கால் காய்கிறதே என்று மதகுக்குக் கேட்க வந்தான். காலை பத்து மணி. அரிவாள் கழுத்தில் இறங்கியது. எங்கள் மாடி ஜன்னலுக்கு நேரே மதகு. அண்ணி பார்த்தார். வெட்டியவன் யாரென்று அவருக்குத் தெரியாது, ஓங்கிய கை தெரியும். போலீஸ் கேட்டபோது அண்ணன் முந்திக்கொண்டார். "அவ ஒண்ணும் பாக்கல சார். தமிழும் வராது." விசா பயம். அண்ணி என்னைப் பார்த்தார். நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

மாடியேறிப் போனவர் வரையவில்லை, படியெடுக்கவில்லை. கண்ணில் நின்றதை அப்படியே மரத்தில் வெட்டினார். உளி வழுக்கி உள்ளங்கை கிழிந்தது. அந்த ரத்தத்தோடுதான் மை பூசினார். மறுநாள் காலை ஈரத் தாளை என்னிடம் நீட்டினார். "மதகுல ஒட்டுங்க, தம்பி. நான் பாத்தேன்னு எல்லாருக்கும் தெரியணும்." குனிந்த தலைக்கு அது ஒரு பரிகாரமாகத் தோன்றியது எனக்கு. பசை காய்ச்சி எடுத்துக்கொண்டு ஓடினேன். எழுத்தைத் திருப்பி எழுதிக் கொடுத்த எனக்கு, அந்தப் படத்தைத் திருப்பிப் பார்க்கத் தோன்றவில்லை.

செத்தவனின் பங்காளிகள் வந்து நின்றார்கள்.

"யாருடா ஒட்டுனது?"

"மாடி வீட்டம்மா போட்ட படம். நேர்ல பாத்துருக்காங்க" என்றார் கூட்டத்தில் ஒருவர்.

"கையப் பாரு. நொட்டாங்கை!"

எங்கள் ஊரில் இடக்கைக்காரர் ஒருவர்தான். மதகின் ஷட்டரை ஏற்றி இறக்குபவர். "சோத்தையும் அதுலதான் அள்ளுவியாய்யா?" என்று ஊரே கேலி பேசிய கை. அப்போதும் ஷட்டர்ச் சக்கரத்தில்தான் இருந்தது. "நான் இல்லப்பா, புள்ளைங்க மேல சத்தியமா நான் இல்லப்பா" என்றவரின் அந்தக் கையைச் சக்கரத்து இரும்பின் மேலேயே வைத்து அழுத்திப் பிடித்தார்கள். முதல் வெட்டில் அவர் குரல் போனது. இரண்டாவதில் கை வாய்க்காலில் விழுந்தது. பத்தடி தள்ளி நான், பசை வாளியோடு.

அண்ணி பலகையை நெஞ்சோடு அணைத்து, செருப்பில்லாமல் ஓடி வந்தார். "இந்தக் கைங்க! இந்தக் கைங்க!" என்று வெட்டியவர்களிடமும் 'ங்க' போட்டுக் கத்தினார். பலகையில் இருந்த வலக்கையை யாரும் பார்க்கவில்லை. தண்ணீர் சிவந்து ஓடியதைக் கண்டபின் அவர் வாயில் வந்தது தமிழ் இல்லை.

மூன்றாம் நாள், முதல் தண்ணீர் பாயும் தலைமடைக்காரன் ஒருவன் தஞ்சாவூர்க் கோர்ட்டில் சரணடைந்தான். வலக்கைக்காரன். அண்ணி உளிகளை வாய்க்காலில் எறிந்துவிட்டு அந்த மாதமே தீவுக்குத் திரும்பினார். அண்ணனும் பின்னாலேயே போனார். எனக்குப் பலகை மிஞ்சியது.

ஷட்டர்க்காரர் எதிரே வந்தால் நான் வேறு வரப்பில் இறங்கிவிடுவேன். பத்து வருடம் அப்படித்தான் நடந்தேன். போன வாரம் அவரே வீட்டுக்கு வந்துவிட்டார். "அந்தப் பலகைய வச்சிருக்கியாமே தம்பி. ஒருதடவ காட்டேன்."

வேட்டிகளைக் கலைத்து எடுத்து அவர் மடியில் வைத்தேன். மிச்சமிருக்கும் கையால், அரிவாள் பிடித்த அந்தக் கையை மெல்லத் தடவினார். சிராய் குத்தியிருக்க வேண்டும். விரலை எடுக்கவில்லை.

"இதுல இருக்கறது நான் இல்லையே."

"இல்லங்க."

பலகையை மடியில் நிமிர்த்திப் பிடித்தார்.

"அப்ப மதகுல இதையே ஆணி அடிச்சு மாட்டியிருக்கலாமே, தம்பி."